அருளும் அளவும்

சைவ சித்தாந்தம் பயிலத் தொடங்கும் மாணாக்கன் எவனும், ஆசிரியர் பஞ்சகிருத்தியங்களை விளக்கி முடித்த மறுகணமே கேட்காமல் இருக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. இறைவன் எங்கும் நிறைந்தவன். அவனுடைய அருள் அவனின் வேறாகாத சக்தி. அது எக்காலத்தும் குறைவு படாதது. ஈவதில் அவனுக்கு உலோபமும் இல்லை, ஈவதனால் இழப்பும் இல்லை. அவ்வாறாயின், அநாதி தொட்டு ஆணவ இருளில் கிடந்து உழலும் ஆன்மாவின்மேல் அந்த அருளை ஒரே பெருக்காகப் பாய்ச்சி ஒரு பகலில் கரையேற்றிவிடாமல், பிறவிக்குமேல் பிறவியாகக் கொடுத்து, இன்பதுன்பங்களை ஊட்டி, இன்றைக்குக் கொஞ்சமும் நாளைக்குக் கொஞ்சமுமாக அவன் நடத்துவானேன்? மலத்தின் முதிர்ச்சியாகிய மலபரிபாகம் வராமல், அருட்சக்தி பதிவதாகிய சத்திநிபாதம் நிகழாது என்பது நூல்கள் தரும் விடை. மாணாக்கன் அதை மனப்பாடம் செய்து பரீட்சையிலும் எழுதிவிடுகிறான். ஆனால் நிதானமாக எண்ணிப் பார்த்தால், அந்த விடை கேள்வியை ஒரு படி பின்னுக்குத் தள்ளிற்றே அல்லாமல் தீர்க்கவில்லை என்பது புலனாகும். பரிபாகத்தை வருவிப்பவனும் அவனே என்றால், அதையும் ஒரே நாளில் வருவிப்பதற்கு என்ன தடை?

இக்கேள்வியை மடங்களிலும் வகுப்பறைகளிலும் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, அது உயிரோடு எதிரில் வந்து நின்றது பேராவூரணிக்குத் தென்புறத்தில், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் உள்ள ஒரு தென்னந்தோப்பில். மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934ஆம் ஆண்டை ஒட்டி உருவான அந்தக் கால்வாயைத் தஞ்சைச் சீமையார் இன்றைக்கும் புதுஆறு என்றே சொல்கிறார்கள். வானம் பார்த்துக் கிடந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களைப் பசுமையாக்கியது அது. ஆயினும் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் மதகைத் தூக்கினாலும், கடைமடைக்காரனுடைய வாய்க்காலில் ஈரம் தட்டப் பல நாள் செல்லும். அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அந்தத் தேதியும் வெறும் தேதியாகவே கழியும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கரையேறிய கஜா புயல் அந்த வட்டாரத்துத் தென்னைகளை இலட்சக்கணக்கில் சாய்த்தபோது இந்தத் தோப்பும் பாதி போயிற்று. தப்பி நின்ற பழைய மரங்களும், அப்புறம் வைத்துக் காய்ப்புக்கு வந்த பிள்ளைகளுமாக அது இருந்தது. என்னுடன் வந்தவர், கோயில் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஓதுவார் ஒருவர். தோப்புக்காரரின் தகப்பனாருக்குப் பழக்கமானவர்.

நாங்கள் சென்ற ஆண்டின் கோடையில் ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, மோட்டாரும் எரிந்து, சித்திரை வைகாசி இரண்டு மாதமும் தோப்பு காய்ந்திருக்கிறது. ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், இனி எப்போது வருமோ என்ற பதைப்பில், தோப்புக்காரர் இரவு பகலாக மடையைத் திறந்து தோப்பு முழுவதும் கட்டி நிறுத்தியிருக்கிறார். சில நாளில் காய்கள் வெடிக்கத் தொடங்கின. அவர் ஓதுவாரிடம் முறையிட்ட பாங்கை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஐயா, நான் தண்ணி காட்டாம விட்டிருந்த ரெண்டு மாசமும் ஒத்தக் காய் வெடிக்கல. ஆத்துத் தண்ணி வந்துச்சேன்னு ஆசையாப் பாய்ச்சுனேன், அதுக்கப்புறந்தான் இந்தக் கோலம். பட்டினி போட்டப்ப தாங்குச்சு, சோறு போட்டா வெடிக்குது. இது என்னய்யா ஞாயம்?"

"தம்பி, நீ தென்னையப் பத்திக் கேக்குறியா, சாமியப் பத்திக் கேக்குறியா?"

"எதுக்கு உங்களால பதில் சொல்ல முடியுமோ அதுக்குச் சொல்லுங்கய்யா."

மரமேறி வெட்டி இறக்கிய குலை ஒன்று வரப்பின்மேல் கிடந்தது. ஏழெட்டு மாதக் காய்கள்; பசுமை மங்காதவை. அவற்றுள் ஒன்றில், காம்புப் பக்கத்திலிருந்து அடிவரை நெடுக்காக விரல் நுழையும் அகலத்துக்குப் பிளவு ஓடியிருந்தது. பிளவின் இரு உதடுகளிலும் நார் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. இறுகத் தொடங்கிய சிரட்டையும் அதே கோட்டில் பிளந்து, உள்ளிருந்த நீர் முழுவதும் வடிந்துபோய், வழுக்கைப் பருவத்துப் பருப்பு மஞ்சள் பூத்து, அதன்மேல் சிற்றெறும்புகள் வரிசை பிடித்திருந்தன. அதே குலையில் அதை ஒட்டி இருந்த இன்னொரு காயிலோ மட்டையின்மேல் மயிரிழைபோன்ற ஒரு கீறல் மாத்திரமே. உள்ளே சிரட்டைக்குச் சேதம் இல்லை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே தண்ணீர். ஒன்று அழிந்தது, மற்றொன்று தழும்போடு தப்பியது. வினைக்கொள்கையில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இதைப்போல் ஒரு குடும்பத்திலேயே பார்த்திருப்பார்கள்.

காய் வெடிப்பதன் காரணத்தைத் தோட்டக்கலை அறிந்தவர்கள் மர்மம் எதுவும் இல்லாமல் விளக்குகிறார்கள். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. தண்டின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கில் புறப்படும் சல்லிவேர்களின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே படர்ந்திருப்பதால், அந்த மண் காயும்போது மரமும் அதனுடன் காய்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் காயின் மட்டையும் ஓடும் அப்போது விரிவதை நிறுத்திக்கொண்டு, நெகிழ்ச்சி இழந்து, உரிய காலத்துக்கு முன்பே இறுகுகின்றன. வறட்சி நீடிக்கும்வரை இதனால் வெளிப்படையான கேடு ஒன்றும் தோன்றாது. காய் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். பிறகு நீர் திடுமென வேரில் ஏறும்போது உள்ளிருக்கும் இளந்திசுக்கள் அதை உறிஞ்சிப் பருக்கின்றன, உள்ளழுத்தம் கூடுகிறது. அகம் விரிகிற வேகத்துக்குப் புறம் விரியமாட்டாமல் பிளக்கிறது. மண்ணில் சாம்பல் சத்தும் போரானும் குறைவாக இருந்தால் இந்தக் கேடு மிகும். முன்னது மரத்தின் உள்ளே நீரின் போக்குவரத்தை ஆள்வது, பின்னது உயிரணுக்களின் சுவருக்கு உறுதி தருவது. குட்டை ரகங்கள் நெட்டை ரகங்களைப்போல் வறட்சியைத் தாங்குவதில்லை என்பதையும் தோப்புக்காரர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

பரிகாரமும் இதிலிருந்தே பிறக்கிறது. 1916இல் காசர்கோட்டில் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் வழிவந்த மத்திய ஆராய்ச்சி நிறுவனம், மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, கோடையில் நான்கு நாளைக்கு ஒரு முறை 200 லிட்டர் நீர் கொடுக்கச் சொல்கிறது. சொட்டுநீர் அமைத்தவர்களுக்குப் பிப்ரவரி முதல் மே வரை நாளொன்றுக்கு 65 லிட்டர் என்றும், மழை மாதங்களில் அதைவிடக் குறைவாகவும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்கிட்டிருக்கிறது. உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி பாத்தியில் அடுக்கிப் புதைப்பதும், காய்ந்த கீற்றையும் நார்க்கழிவையும் மூடாக்காகப் போடுவதும், வந்த நீரைப் பிடித்துவைத்து வேருக்கு மெல்ல மெல்ல விடுவதற்காகவே. உரத்தைக்கூட ஒரேயடியாகக் கொட்டாமல் ஆனி ஆடியில் ஒரு பாதியும் மார்கழி தையில் ஒரு பாதியுமாக வைக்கிறார்கள். இந்த முறைகள் அனைத்திலும் மொத்த அளவு பெரிதாகப் பேசப்படவில்லை என்பதைக் கவனித்தேன். நம் தோப்புக்காரர் ஆடி மாதத்தில் பாய்ச்சிய நீரைக் கூட்டிப் பார்த்தால், இரண்டு மாதத்துக்கும் விதிக்கப்பட்ட அளவுக்கு அது குறைந்திராது. கொடுத்தது போதாமையால் காய் வெடிக்கவில்லை, இடைவெளியால் வெடித்தது.

இனி அவர் கேட்ட ஞாயத்துக்கு வருகிறேன். தண்ணீர் வந்தது, காய் வெடித்தது. ஆகவே தண்ணீரால் வெடித்தது என்பது காட்சிப் பிரமாணத்தின் தீர்ப்பு. சித்தாந்திகள் எந்தக் காரியத்துக்கும் முதல், துணை, நிமித்தம் என்று மூன்று காரணங்களைத் தேடச் சொல்வார்கள். இங்கே முதற்காரணம் காயின் திசு, துணைக்காரணம் நீர், நிமித்த காரணம் மடை திறந்த கை. இம்மூன்றில் கடைசியாக வந்து சேர்ந்த துணைக்காரணத்தின்மேலேயே பழி முழுவதையும் சுமத்துவது உலக வழக்கம். அது கண்ணுக்கு எதிரே நிற்பதால், நீதிமன்றத்திலும் அடுக்களையிலும் அகப்பட்டுக்கொள்வது அதுதான். ஆனால் வறட்சி எங்கே போயிற்று? அது நான்காவதான ஒரு காரணமாகத் தனித்து நிற்கவில்லை. முதற்காரணத்துக்குள்ளேயே புகுந்து, திசுவாகவே மாறி, தன்னைக் காட்டிக்கொள்ளாமல் ஒளிந்துகொண்டது. ஆடியில் அந்தக் காயைப் பார்த்தவர்கள் ஒரு காயைப் பார்த்தார்களே ஒழிய, காய் வடிவில் திரண்டு நின்ற இரண்டு மாதத்து வறட்சியைப் பார்க்கவில்லை. வரம் பெற்ற பின் அழிந்தவர்களைப் பற்றிய புராணங்களை வாசிக்கையிலும் நாம் இந்தத் தவற்றையே செய்கிறோம். வரம் கேடு செய்தது என்கிறோம். வரம் விழுந்த நிலம் எத்தனை காலம் காய்ந்து இறுகிக் கிடந்தது என்று கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான், மறைத்தலைச் செய்வதாகச் சித்தாந்தம் கூறும் திரோதான சக்தி எனக்கு முதன்முறையாக விளங்கிற்று என்று சொல்லவேண்டும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களில் மறைத்தலைப்போல் வெறுப்புக்கு இடமானது வேறில்லை. அருள் வடிவான ஒருவன் தன்னைத் தானே ஏன் மறைத்துக்கொள்ள வேண்டும்? மலங்கள் ஐந்து என்று எண்ணும்போது ஆணவம், கன்மம், மாயை, மாயேயம் என்பவற்றோடு திரோதாயியையும் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆயின், அதற்கு மலம் என்ற பெயர் உபசாரத்தால் வந்ததே, மலத்தோடு உடன்நின்று அதைத் தொழிற்படுத்தி முதிர்விப்பதனால் வந்தது, இயல்பில் அது அருளேதான் என்று உமாபதி சிவாசாரியார் முதலியோர் வற்புறுத்துகிறார்கள். மலம் முதிர்ந்ததும் மறைத்துநின்ற அதே சக்தி அருட்சக்தியாக மாறிப் பதிகிறது. வேறொரு சக்தி புதிதாக வருவதில்லை. அந்தப் பதிவும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு தரமாக, உயிரின் பக்குவத்துக்கு ஏற்ப நிகழ்வது. சத்திநிபாதத்தை இப்படித் தரம் பிரித்ததை வகுப்பறையில் கேட்டபோது, எதையும் நாலாக வகுத்தால்தான் மனம் ஆறும் பண்டிதர்களுடைய வழக்கமான விளையாட்டு என்று நினைத்தேன். மடையில் நின்று பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது. நீர்ப்பெருக்கை அறிந்தவன் அதை மறைத்துக் கொடுக்கிறான். மறைப்பு அவனுடைய கொடைக்குள் அடங்கியது.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற படிமுறையும், நித்திய கருமங்களை விடாது செய்யவேண்டும் என்ற விதியும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. விளக்கிடுதல், அலகிடுதல், பூத்தொடுத்தல் போன்ற சின்னஞ்சிறு பணிகளை நாள் தவறாமல் செய்வதில் என்ன மகத்துவம் இருக்கிறது என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அவற்றில் தனித்தனியே பெரிய மகத்துவம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொள்ளலாம். ஒரு நாளைய பூமாலை ஒருவரையும் முத்தியில் சேர்க்காது. ஆனால் அது அந்த நாளின் ஈரம். வேரைக் காயவிடாமல் வைத்திருப்பது. பெருமழை ஒன்று எப்போதாவது வரும்போது தாங்கிக்கொள்ளும் நெகிழ்ச்சியைத் திசுவுக்குள் காத்துவைப்பது. ஆண்டு முழுவதும் இறைவனை நினைக்க நேரம் இல்லாதவர்கள் ஒரே ஒரு நாள் விடிய விடிய வரிசையில் நின்று, நெரிசலில் இடிபட்டு, விசேஷக் கட்டணமும் செலுத்தி, மொத்த அருளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட நினைப்பதைப் பார்க்கிறோம். அவர்களுடைய பக்தியை நான் பழிக்கவில்லை. அவர்கள் பாய்ச்சும் முறை சரியில்லை என்கிறேன்.

இதற்கு வலிய ஆட்சேபம் ஒன்று உண்டு. திண்ணனார் ஆறே நாளில் கண்ணப்பரானார். சரியை கிரியை எதையும் அறியாத வேடர். ஆகமத்துக்கு முற்றும் மாறான பூசை. ஆறாம் நாள் இறைவனுடைய வலப்பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது. சிறுகச் சிறுக என்ற நியதி எங்கே போயிற்று? அவர் முற்பிறப்பில் அர்ச்சுனனாக இருந்து தவம் செய்தவர் என்று ஒரு மரபு சமாதானம் சொல்கிறது. எந்த ஆட்சேபத்தையும் முற்பிறப்புக்கு அனுப்பிவிடலாம் என்பதனாலேயே அந்தச் சமாதானத்தில் எனக்குத் திருப்தி இல்லை. தென்னையே இதைவிட நல்ல விடை தருகிறது. தோப்பில் இரண்டு வகையான வெடிப்பு உண்டு. காய் வெடிப்பது ஒன்று; பாளை வெடிப்பது மற்றொன்று. பாளை ஒரு காலை வேளையில் தானே பிளந்து பூவைக் காட்டுகிறது, பார்ப்பவனுக்கு அது திடீர் நிகழ்ச்சி. ஆனால் அந்தப் பாளையின் கரு மட்டையின் கக்கத்துக்குள், யாரும் காணாதபடி, ஏறத்தாழ 32 மாதங்களுக்கு முன்பே உருக்கொண்டுவிட்டது. திண்ணனார் வேட்டுவச் சிறுவனாகத் திரிந்த நாட்களிலேயே, அன்பு செய்வதற்கென்று ஒரு பொருள் எதிர்ப்படாமல், அந்த அன்பு அவருக்குள் கருவாகி மூடிக் கிடந்திருக்கவேண்டும். ஆறு நாள் என்பது பாளை வெடித்த கணக்கு. கருக்கொண்ட கணக்கை, அவர் கதையைப் பாடிய சேக்கிழாராலும் சொல்ல முடியாது.

மாணிக்கவாசகருடைய வரலாறு இன்னும் நுட்பமானது. அது அந்தத் தோப்புக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது என்பதனால் ஓதுவார் அதை விட்டு நகர மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். அறந்தாங்கியைத் தாண்டினால் திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர், குருந்தமரத்து நிழலில் அடியார் கூட்டத்தோடு அமர்ந்திருந்த குருவைக் கண்டார். கண்ட அளவில் எல்லாம் முடிந்துவிட்டது. பெருக்கு என்றால் அதுவே பெருக்கு. ஆனால் அடுத்து என்ன நடந்தது? குருமூர்த்தி அடியார் கூட்டத்தை உடன்கொண்டு மறைந்தார். இவரை மட்டும் விட்டுச் சென்றார். அங்கிருந்து தில்லையில் கலக்கும்வரை அவர் அழுத அழுகையே திருவாசகத்தின் பெரும்பகுதி. உத்தரகோசமங்கையில் பாடிய நீத்தல் விண்ணப்பம், கைவிட்டுவிடாதே என்ற ஒரே வேண்டுகோளை ஐம்பது பாட்டில் வேண்டுவது. முழு அருளையும் ஒரே கணத்தில் பெற்றவரையே இறைவன் உடனே மடையடைத்து நிறுத்தி, ஊர் ஊராக நடக்கவைத்து, மெல்ல மெல்ல அந்த அருளைத் தாங்கும் பாத்திரமாக்கினான் என்று கொள்ளலாமா? கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். அந்தக் கோயிலின் கருவறையில் ஆவுடையார் மட்டுமே உண்டு, இலிங்கத் திருவுரு இல்லை. புழுங்கலரிசிச் சோற்றைக் கொட்டி அதன் ஆவியையே நிவேதனம் செய்கிறார்கள். மறைத்தலுக்கென்றே எடுத்த ஆலயம்போல் அது இருக்கிறது. இடையில் வைகை பெருக்கெடுத்து மதுரை கலங்கியதும், குடிக்கு இவ்வளவு என்று கரையை அளந்து பங்கிட்டு அடைக்கச் சொன்னதும் மாணிக்கவாசகர் பொருட்டே நிகழ்ந்தவை என்று திருவிளையாடல் கூறுவது தற்செயலோ என்னவோ.

வைணவ ஆசாரியர்களிடையே, இறைவனுடைய கிருபைக்கு உயிரின் பக்கத்தில் ஏதேனும் ஒரு வியாஜம், அதாவது சாக்கு, வேண்டுமா, அது முற்றும் நிர்ஹேதுகமா, அதாவது காரணமற்றதா என்று நடந்த நெடிய வாதம் தமிழ் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. இரு தரப்பாரும் கொடையின் காரணத்தையே விசாரித்தார்கள். கொடையின் காலத்தைப் பற்றிச் சைவர்கள் இன்னும் சற்றுக் கவலைப்பட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு மேல் அந்த வழக்கில் நான் புகவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை அவசியம். தோப்பு காய்ந்ததற்கு ஈசுவரனுடைய திரோதானம் காரணம் என்று அந்தத் தோப்புக்காரரிடம் யாரேனும் சொல்லியிருந்தால், நான் அவர் பக்கம் நின்று சண்டைக்குப் போயிருப்பேன். நீர்மட்டம் இறங்கியது ஊரார் எல்லோரும் போட்டிபோட்டு ஆழத்துளைத்து உறிஞ்சியதால். வாய்க்கால் நீர் தாமதமானது, ஆறு நெடுகத் தூர்வாராமையாலும், தலைமடைக்காரர்கள் முறைக்குமேல் பிடித்துக்கொண்டதாலும். கடைமடைக்காரன் வந்தபோதே வாரிக்கொள்ள நினைப்பதற்குப் பேராசை காரணமல்ல. அடுத்த முறை உண்டு என்ற நம்பிக்கையை அவனுக்கு யாரும் தரவில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலமாக்கி முறைவைத்து விடுகிறார்களே, அதிலும் பொள்ளாச்சித் தோப்புக்காரர்களுக்கு ஆயிரம் மனக்குறை உண்டு. ஆனாலும் முறை என்ற ஒன்று எழுத்தில் இருக்கிறது, அதைக் காட்டி வாதாடலாம். மனிதன் மறைத்ததை இறைவன் மறைத்ததாகச் சொல்வது சமயத்தின் பெயரால் செய்யும் பெரிய அநியாயம். நம்முடைய தேசத்தில் பசியையும் தீண்டாமையையும் வினைப்பயன் என்று சொல்லி நியாயப்படுத்தியவர்கள் இதையே செய்தார்கள். திரோதானம் அறிந்து அளப்பது, அளப்பதில் ஒருநாளும் தவறாதது. தலைமடையின் சுயநலத்துக்கு அந்த இலக்கணம் பொருந்தாது.

காய்க்கும் ஆன்மாவுக்கும் உள்ள ஒற்றுமை ஓரிடத்தில் முறிகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. வெடித்த காய் அழிந்தது. ஆன்மாவோ அழியாத நித்தியப் பொருள். அப்படியானால் பெருக்கு வந்து எது வெடிக்கும் என்று அஞ்சி இறைவன் அளக்கவேண்டும்? உடலும் கரணங்களும் வெடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தகுதிக்கு மீறிய யோகப் பயிற்சியில் புத்தி பேதலித்தவர்களைக் காட்டுவார்கள். நான் வேறு ஒன்றைக் கருதுகிறேன். ஆணவம் குறையாத உள்ளத்தில் ஒரு பெரிய அனுபவம் திடுமென இறங்குமானால், அந்த உள்ளம் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு பருக்கிறது. ஏதோ ஒரு சந்நிதியில், ஏதோ ஓர் இரவில் ஒரு கணம் கிடைத்தது உண்மையாகவே இருக்கும். அதில் பொய் இல்லை. மறுநாளே அவர் பேசும் தோரணை மாறிவிடும். மனைவி மக்களை அற்பமாகப் பார்ப்பார். பின் உபதேசிக்கத் தொடங்குவார், அப்புறம் தட்சிணை வாங்கத் தொடங்குவார். அந்த ஒரு கணத்தில் உள்ளே ஏறிய நீர் எப்போதோ வடிந்துபோயிருக்கும்; திறந்த வாய் மட்டும் மூடாமல் இருக்கும். எறும்புகள் வரிசை பிடிப்பதற்கும் குறைவிராது. இத்தகையவரைப் போலி என்று கூறி ஒதுக்குவது எளிது. அவர் பெற்றது மெய்யே, அதைத் தாங்கும் நெகிழ்ச்சிதான் அவரிடம் இல்லை என்று உணர்ந்தால் இரக்கம் உண்டாகும்.

"இனிமே ஒழுங்காப் பாய்ச்சுனா எல்லாம் சரியாப் போயிருமாய்யா?" என்று தோப்புக்காரர் கேட்டார். வட்டப்பாத்தி எடுக்கவும், வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைக் காட்டிச் சாம்பல் சத்துக்கும் போரானுக்கும் யோசனை கேட்கவும் அவர் முன்பே தீர்மானித்திருந்தார். ஓதுவார் தம் தகப்பனார் வைத்த தோப்பில் வளர்ந்தவர், குலையை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "வெடிக்கிறது நின்னுரும் தம்பி. ஆனா காய்ப்புக் குறையுறது இன்னமேதான் இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. கருக்கொண்டது முதல் காய் முற்றுவதுவரை தென்னைக்கு ஏறத்தாழ 44 மாதங்கள். அந்த வறண்ட சித்திரையிலும் வைகாசியிலும் உள்ளே உருக்கொண்ட பாளைகள் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, தோப்பில் நீருக்குக் குறைவே இல்லாத ஒரு பருவத்தில், பூ மெலிந்து வெளிவரக்கூடும். குருவின் நோக்கால் தேங்கிய வினையாகிய சஞ்சிதம் எரிந்து, ஞானத்தால் மேல்வினையாகிய ஆகாமியம் ஏறாமல் நின்ற பின்னும், நுகரத் தொடங்கிய வினையாகிய பிராரத்தம் மட்டும் உடல் உள்ளளவும் இருந்து ஊட்டியே தீரும் என்றும், சீவன்முத்தருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை என்றும் சித்தாந்தம் கூறுகிறது. முன்னே உருவானவை வரிசையாக வெளிவந்து கழியவேண்டும். அதற்கிடையில் நான்கு நாளைக்கு ஒரு முறை பாய்ச்சுவதை நிறுத்தலாகாது.